எல்லாமே எலிதானா?

கொழும்பு கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில் போன மாதம் ஒரு எலிப்பொறி வாங்கினோம். மூன்று குடும்பம் காசு சேர்த்து வாங்கியது. கீழ்வீட்டுத் தம்பி கருவாட்டுத் துண்டொன்றைக் கொக்கியில் குத்தி, தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் படுத்தார். விடியுமுன் என் கதவைத் தட்டினார். "சேர், எலி மாட்டிருச்சு."

போய்ப் பார்த்தேன். கம்பிக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு பிராணி. நீண்ட மூக்கு ஓயாமல் துடித்துக்கொண்டிருந்தது. கடுகளவு கண். கிட்டக் குனிந்ததும் கஸ்தூரி நாற்றம் முகத்தில் அடித்தது. எலி இல்லை, மூஞ்சூறு. எலிக்கு மேலே இரண்டும் கீழே இரண்டுமாக உளிப்பற்கள் இருக்கும். அவை சாகும்வரை வளரும். அதனால்தான் எலி எதையாவது கொறித்துக்கொண்டே இருக்கிறது. மூஞ்சூறுக்கு அந்தப் பல் கிடையாது. அது கரப்பான் பூச்சி தின்பது. முப்பத்தொரு வருடம் விஞ்ஞானம் படிப்பித்த வாய் சும்மா இருக்குமா? தம்பிக்கு அத்தனையும் சொன்னேன். அவர் வாளியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டே கேட்டார். கடைசியில் சொன்னார்: "என்னவோ சேர், எல்லாமே எலிதானே."

பொறியை வாங்கிக்கொண்டு போய்க் கான் ஓரத்தில் திறந்துவிட்டேன். தம்பி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வரி இன்னும் காதில் நிற்கிறது. அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாடே அப்படித்தான் பேசுகிறது.

2025 மார்ச் 15 நினைவிருக்கும். சனிக்கிழமை காலை 8 மணியிலிருந்து 8.05 வரை, ஐந்தே நிமிடம், நாடு முழுவதும் விலங்குக் கணக்கெடுப்பு. குரங்கு, மந்தி, மயில், மர அணில். பயிரை அழிப்பவை எத்தனை என்று அரசாங்கம் தெரிந்துகொள்ள விரும்பியது. நானும் மொட்டை மாடியில் பேனையோடு நின்றேன். கொட்டாஞ்சேனை மொட்டை மாடியில் என்ன வரும்? காகம்தான். பட்டியலில் காகம் இல்லை. அந்த நான்கில் மர அணில் ஒன்றுதான் கொறித்துண்ணி. தேங்காயைத் துளைத்த குற்றத்துக்காக அது பட்டியலில் ஏறியது. நமக்கு நட்டம் தந்தால்தான் ஒரு பிராணியை எண்ணுவோம் என்பது அன்றைக்குப் பிடிபட்டது. நட்டம் தராமல் மலையில் ஒதுங்கி வாழ்பவற்றை எண்ணுவதற்கு ஐந்து நிமிடம் யாரிடமும் இல்லை.

நான் பிறந்தது ஒஹியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில். ரயில் மூச்சு வாங்கி ஏறும் பதுளைப் பாதை. எங்களுக்கு மேலே ஹோர்டன் சமவெளி, கீழே பள்ளத்தாக்கு, இடையில் மானாப்புல் காடு. எனக்கு எட்டோ ஒன்பதோ வயது இருக்கும்போது, அப்பாவைப் பெற்ற அப்பாயி விறகு பொறுக்கக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மானாப்புதரை விலக்கியவர் அப்படியே நின்று, வாயில் விரலை வைத்து என்னைக் கூப்பிட்டார்.

புதரின் இடுக்கில், தரைக்கு ஒரு சாண் மேலே, காய்ந்த புல்லால் பின்னிய ஒரு உருண்டை. தேங்காய் அளவு. யாரோ உட்கார்ந்து முடைந்த மாதிரி அவ்வளவு நெருக்கமாக இருந்தது. புதரைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்குப் புல் மிதிபட்டு, ஒற்றையடிப் பாதை போல வளைந்து போயிற்று. அந்தப் பாதையில் ஒரு சின்ன எலி வந்தது. பழுப்பில் மஞ்சள் தெளித்த மாதிரி மயிர், பம்மிய உடம்பு, உடம்பை விடக் குட்டையான வால். ஓடவில்லை. எங்கள் லயத்து எலி என்றால் கண்மூடித் திறப்பதற்குள் சுவர் ஏறியிருக்கும். இது, தபால்காரர் வீடு வீடாகப் போகிற மாதிரி, தன் பாதையில் நிதானமாக நடந்து புல்லுக்குள் போய்விட்டது.

"பிடிக்கவா அப்பாயி?" என்றேன்.

"வேணாம்டா. லயத்து எலி வேற, மானாக்காட்டு எலி வேற. இது நம்ம சோத்துக்கு வராது."

அப்பாயிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் லயத்து எலி, மானாக்காட்டு எலி, வயல் எலி, பெருச்சாளி, மூஞ்சூறு என்று ஐந்தையும் பிரித்துச் சொல்வார். நகரத்தில் படித்துப் பட்டம் வாங்கிய நமக்கு ஒரு சொல் போதுமாக இருக்கிறது.

பிறகு ஆசிரியனாகிப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் அந்தப் பிராணிக்கு ஒரு பெரிய பெயர் இருப்பது தெரிந்தது. கோலுண்டா எல்லியோட்டி. 1837இல் வைத்த பெயர். சென்னை ராஜதானியில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட்டின் பெயரால் வைத்தது. அமராவதிச் சிற்பங்களைத் தோண்டிச் சென்னைக்கு அனுப்பியவர், தென்னிந்திய நாணயங்களைப் பற்றி எழுதியவர் என்று சரித்திரம் படித்தவர்களுக்கு அவரைத் தெரியும். இலங்கையில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் கெலார்ட் 1850இல் நுவரெலியாவில் கிடைத்ததை விவரித்து, அந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்தார்.

தென்னிந்தியாவில் எலியட் கண்டு எழுதியதும் அப்பாயி காட்டியதும் அச்சாக ஒன்றுதான். புதருக்குள் புல் உருண்டைக் கூடு. உள்ளே சுருண்டு படுக்க ஒரு சிறு அறை. சுற்றிலும் மிதிபட்ட பாதை. நடை மெது. மற்ற எலிகளைப் போலத் துள்ளித் தப்பத் தெரியாது. காலையிலும் மாலையிலும் மேயும். குட்டி வளர்க்கும் காலம் தவிர தனித்தே வாழும். ஒன்றின் வயிற்றைத் திறந்து பார்த்தபோது இருந்தது அறுகம்புல்லின் வேர் மட்டும். வெள்ளிக்கிழமைகளில் கொட்டாஞ்சேனைப் பிள்ளையாருக்கு அறுகம்புல் கட்டொன்று வாங்கிக்கொண்டு போகும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். மூஷிக வாகனம் என்று கும்பிடுகிறோம். அந்த வாகனத்தின் உறவுக்காரன் ஒருவன் அதே அறுகைத் தின்று எங்கள் மலையில் வாழ்வது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆங்கிலத்தில் இதற்கு வழங்கிய ஒரு பெயர் கோப்பி எலி. அந்தப் பெயரில்தான் எங்கள் கதையும் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன் வெள்ளவத்தையில் ஒரு நண்பர் வீட்டில் இருந்தேன். ஓய்வுபெற்ற பொறியியலாளர், யாழ்ப்பாணத்தவர், பழைய புத்தகப் பிரியர். தேத்தண்ணி வந்தது. அவர் அலமாரியிலிருந்து எமர்சன் டெனண்ட்டின் தடித்த புத்தகத்தை எடுத்து விரித்தார். டெனண்ட் 1845 முதல் 1850 வரை இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்தவர். இலங்கையின் பிராணிகளைப் பற்றி 1861இல் தனி நூலே எழுதினார்.

"மாஸ்டர், இதைப் பாருங்கோ. உங்கட ஆக்கள் அந்தக் காலத்தில எலிக்கறி சாப்பிட்டிருக்கினம்."

அவர் மனதில் கள்ளம் இல்லை. எனக்குத்தான் தேத்தண்ணி தொண்டையில் இறங்கவில்லை. 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லைப் பள்ளிக்கூடத்தில் கேட்டவன் நான். வாங்கிப் படித்தேன். காட்டில் நெலு காய்க்கும் காலத்தில் இந்த எலிகள் அதன் விதையைத் தின்று வாழுமாம். உணவு தட்டுப்பாடானால் பட்டாளம் பட்டாளமாகக் கிளம்பிக் கோப்பித் தோட்டங்களில் இறங்குமாம். மொட்டுக்காகவும் பூவுக்காகவும் இளங்கிளைகளைக் கத்தரித்துப் போடுமாம். ஒரு தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலி வரை அடித்திருக்கிறார்கள். கடைசியாக எங்களைப் பற்றி. மலபார்க் கூலிகளுக்கு இந்த இறைச்சியில் அவ்வளவு பிரியமாம். எலிப்படை வரும் பகுதித் தோட்டங்களையே விரும்புவார்களாம். தேங்காயெண்ணெயில் பொரிப்பார்களாம், இல்லாவிட்டால் கறி வைப்பார்களாம்.

பிரியம் என்று எழுதிய கைக்கு, பசி என்ற சொல் தோன்றவில்லை. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரத்துக் கிராமங்களிலிருந்து கடல் தாண்டி, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காடு கடந்து நடந்து வந்தவர்கள். வழியில் கொள்ளைநோயில் விழுந்தவர்கள் போக, மிஞ்சியவர்கள் மலை ஏறினார்கள். கொடுத்த அரிசிக்கான விலை சம்பளத்தில் கழிந்தது. அந்தச் சம்பளமும் மாதக்கணக்கில் நிலுவையில் நின்றது. அப்படிப்பட்டவன் முன்னால், காசு கேட்காத இறைச்சி காட்டிலிருந்து இறங்கி வந்தால் அவன் என்ன செய்வான்?

இன்னொன்றும் சொல்லவேண்டும். எலி தின்றது எங்களுக்கு அவமானமும் இல்லை. காவிரிப் படுகையில் நெல் தின்று கொழுத்த வயல் எலியைப் பிடித்துச் சமைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வெட்கப்படவேண்டியவர்கள் தின்றவர்கள் அல்லர். அரிசி போதாமல் விட்டவர்கள்தான். இதை அன்றைக்கே நண்பரிடம் சொல்லியிருக்கவேண்டும். சொல்லாமல் சிரித்துவிட்டு பஸ் ஏறினேன். அந்த மௌனத்துக்கும் சேர்த்துத்தான் இந்தக் கட்டுரை.

அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி நினைத்தபோது ஒரு சந்தேகம் எழுந்தது. தனியாக வாழும், மெதுவாக நடக்கும், துள்ளத் தெரியாத, புல்வேர் தின்னும் ஒரு பிராணி, ஆயிரக்கணக்கில் படை திரண்டு வந்ததா? டெனண்ட்டின் 'கோப்பி எலி' ஒரே எலிதானா, அல்லது காட்டிலிருந்து வந்த இரண்டு மூன்று வகையை ஒரே பெயரில் கட்டிவிட்டாரா? இரண்டாவதுதான் சரி என்று என் விஞ்ஞானப் புத்தி சொல்கிறது. ஏனென்றால் நெலுவோடு பிறந்து வளர்ந்த எலி வேறொன்று இருக்கிறது.

நெலு என்பது நம் குறிஞ்சியின் உறவு. நீலகிரியில் 2006இலும் 2018இலும் குறிஞ்சி பூத்ததைப் பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அதே வம்சம், மலைக்காட்டின் அடியில் ஆளுயரத்துக்கு அடர்ந்து நிற்கும். பன்னிரண்டு வருடம்போலப் பூக்காமல் இருந்துவிட்டு, ஒரே முறையில் காடு முழுக்கப் பூத்து, காய்த்து, பட்டுப்போகும். அந்த விதைக்குக் காட்டுக்கோழி வரும், எலி வரும். தின்று, பெருகி, விதை தீர்ந்ததும் திண்டாடும். எங்கள் மலையில் 2013இல் அப்படிப் பூத்தபோது கொழும்பிலிருந்து வான் பிடித்துக்கொண்டு போய்ப் படம் எடுத்தவர்கள் ஏராளம். பூவைப் படம் எடுத்தோம். விதையைத் தின்றது யாரென்று கேட்கவில்லை.

கேட்ட ஒருவர் இருந்தார். டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் என்ற தேயிலைத் தோட்டத்துரை. இலங்கையின் பாலூட்டிகளைப் பற்றி 1935இல் அவர் எழுதிய நூல்தான் இன்றைக்கும் ஆரம்பப் பாடம். 1932இல் அவர் ஒரு மலை எலியைத் தனி இனமாகப் பிரித்து எழுதினார். இன்றைக்கு அதற்கு வழங்கும் பெயர் நெலு எலி. மெத்தென்ற கரும்பழுப்பு மயிர், உடம்பை விட நீண்ட வால். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1929இல், இன்னொன்று: ஒஹியா எலி. என் ஊரின் பெயரைத் தாங்கியது! மேலே நீலம் கலந்த சாம்பல், கீழே வெள்ளை, வாலும் மேலே கறுப்பு, கீழே வெளுப்பு. இரவில் காட்டுத் தரையில் நடமாடும் அமைதியான பிராணி.

1981இல் இந்த ஒஹியா எலியை ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் கை மஸ்ஸர், இது உலகத்தில் வேறெந்த எலியோடும் சேராது என்று கண்டு அதற்கென்று தனிச் சாதியே அமைத்தார். விஞ்ஞானப் பாடத்தில் இனத்துக்கு மேலே 'சாதி' என்று படிப்பிப்போமே, அந்தச் சாதி. பெயர் சிறிலங்காமிஸ். அந்தச் சாதியில் இருப்பது இந்த ஒரே இனம். இந்தத் தீவின் மலைக்காட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. யானை ஆசியாவின் பல நாடுகளில் உண்டு. சிறுத்தை ஆபிரிக்கா வரை உண்டு. இந்த எலியோ நாட்டின் பெயரையே சுமந்துகொண்டு நம்மிடம் மட்டும் இருக்கிறது. முப்பத்தொரு வருடத்தில் இதைத் தெரிந்துகொண்டு என் வகுப்புக்கு வந்த பிள்ளை ஒன்றும் இல்லை. நானும் ஒஹியாவில் பிறந்தவன், நாற்பது வயதுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

எல்லாவற்றையும் ஒரே சொல்லில் கட்டிப்போடுவதால் என்ன வந்துவிடும் என்று கேட்கலாம். வரும். 1914இல் கொழும்பில் பிளேக் நுழைந்தது. அதைக் கொண்டுவந்தது துறைமுகத்து எலி, தானியக் கிடங்கு எலி. ஆனால் அதற்குப் பின் தோட்டத்துக்கு வந்த ஒவ்வொரு தமிழனும் நோய் சுமப்பவனாகப் பார்க்கப்பட்டான். அப்பாயி சிறுபிள்ளையாக, 1920களில், மண்டபம் முகாம் வழியாக வந்தவர். நாட்கணக்கில் அடைத்து வைத்து, உடுத்தியிருந்த துணியையும் வாங்கி மருந்தில் போட்டார்களாம். "எலியப் பிடிச்ச மாதிரி பிடிச்சு வச்சிருந்தாங்க" என்பார். டெனண்ட்டின் பக்கத்திலும் இதுதான் நடந்தது. எலிக்கு லத்தீனில் பெயர் கொடுத்து, சொந்தம் எது, கிளை எது என்று எழுதினார்கள். அதைத் தின்ற மனிதர்களுக்கு 'கூலி' என்ற ஒரே சொல்.

நகரத்து எலியைக் கொல்லக்கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். எலிக்காய்ச்சல் விளையாட்டு இல்லை. 2008இல் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கானோர் அதில் விழுந்தார்கள். வயலில் இறங்குமுன் சுகாதார அலுவலகத்தில் தடுப்பு மாத்திரை கேட்டு வாங்கிப் போடுங்கள். கொட்டாஞ்சேனையில் எலி பெருகுகிறதென்றால் குப்பை பெருகுகிறது என்று அர்த்தம். பொறியும் வையுங்கள், குப்பையையும் அள்ளுங்கள். ஆனால் கான் எலிக்கு எழுதிய மருந்துச்சீட்டை மலைக்காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். மரக்கறித் தோட்டத்திலும் தேயிலை ஓரத்திலும் வீசும் விஷ உருண்டைக்கு லயத்து எலி எது, மானாக்காட்டு எலி எது என்று தெரியாது. விஷம் தின்று தள்ளாடும் எலியை ஆந்தை தூக்கும், காட்டுப்பூனை தூக்கும். அவையும் சாகும். எலியை இலவசமாகப் பிடித்துக்கொண்டிருந்தவை அவைதான்.

ஹோர்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமையும் ஆனது. பரப்பு 3,160 ஹெக்டேர். தேயிலையும் மரக்கறியும் சூழ்ந்த மலையில் மிஞ்சியிருக்கும் தீவு அது. ஒஹியா எலிக்கும் நெலு எலிக்கும் இப்படிப்பட்ட மலைக்காட்டை விட்டால் போக வேறு இடமில்லை. ஆகவே என் கோரிக்கை மூன்று. நெலு அடுத்த முறை பூக்கும்போது பல்கலைக்கழகங்கள் பூவோடு எலியையும் எண்ணவேண்டும். பூப்பதற்கு முன், பூக்கும்போது, விதை தீர்ந்த பின் என்று மூன்று முறை. தமிழ்மொழிப் பாடப்புத்தகத்தில் யானைக்கும் சிறுத்தைக்கும் பக்கத்தில் இந்த இரண்டு எலிக்கும் இடம் வேண்டும். பெயர் தேடி அலையவேண்டாம், மலையகத்து வயதானவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். மலைக்காட்டின் விளிம்பில் இருக்கும் தோட்டங்கள் எலி விஷத்தைக் கண்டபடி வீசுவதை நிறுத்தவேண்டும்.

நாலாவது, பல்கலைக்கழகமோ அரசாங்கமோ தேவைப்படாத ஒன்று. கொழும்பிலிருந்து ஹோர்டன் சமவெளிக்கு உலக முடிவு பார்க்கப் போகிறோம். விடியற்காலை கட்டிய சோற்றுப் பார்சலைப் புல்வெளி ஓரத்தில் உட்கார்ந்து பிரிக்கிறோம். மிஞ்சிய சோற்றையும் கோழி எலும்பையும் "பிராணி ஏதாவது தின்னட்டும்" என்று புதருக்குள் தட்டிவிட்டு வருகிறோம். அதைத் தின்ன வருவது அறுகம்வேர் தின்னும் பிராணியல்ல. சோற்று வாசம் பிடித்து நம் பின்னாலேயே மலை ஏறும் வீட்டு எலி. அது அங்கே குடியேறினால் மலை எலிக்கு இடமும் போகும், இரையும் போகும். அடுத்த முறை போகும்போது மிச்சச் சோற்றைப் பார்சலோடு சுற்றிக் கட்டி, கீழே கொண்டு வந்துவிடுங்கள்.